ஃபார்மட் செய்ய அவசரம் வேண்டாம்!

2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வந்த பிறகு, கம்ப்யூட்டர் இல்லாமல் வியாபாரம் இல்லை என்றாகி விட்டது. கடையை அடைத்து விட்டு, இரவில் வீட்டுக் கம்ப்யூட்டரில் கணக்கு ஏற்றும் வணிகர்கள் நம்மில் அநேகர். அதே கம்ப்யூட்டரில்தான் பகலில் பிள்ளைகளின் படிப்பும் விளையாட்டும் நடக்கின்றன.

திடீரென ஒரு நாள் கணக்கு புரோகிராம் திறக்க மறுக்கிறது. 'விசிரன்டைம்140.டிஎல்எல் காணவில்லை' என்றோ, 'டாட்நெட் ஃபிரேம்வொர்க் 3.5 தேவை' என்றோ ஆங்கிலத்தில் ஒரு வாசகம் வந்து நிற்கிறது. பார்க்க வருகிறவர், "ஃபார்மட் பண்ணி விண்டோஸ் புதிதாகப் போட்டால்தான் சரியாகும்" என்கிறார். பலரும் தலையாட்டி விடுகிறார்கள். இது கூடாது என்பதே நமது கருத்து.

கணக்கு புரோகிராம் தனியாக ஓடுவதில்லை. 'ரன்டைம்' என்ற துணை புரோகிராம் அதற்கு அடியில் இருந்தால்தான் ஓடும். தராசுக்குப் படிக்கல் எப்படியோ, அப்படி. படிக்கல் காணாமற் போனால் வேறு படிக்கல் வாங்குவோமே தவிர, குடோனில் உள்ள சரக்கை அள்ளித் தெருவில் கொட்டுவோமா?

படிக்கல் எப்படிக் காணாமற் போகிறது? கம்ப்யூட்டரில் 'மைக்ரோசாப்ட் விஷுவல் சி பிளஸ் பிளஸ்' என்ற பெயரில் 2008, 2010, 2013 என்று பல வரிகள் இருக்கும். ஒன்றே பலமுறை இருக்கிறது என்று எண்ணி யாராவது நீக்கி விடுகிறார்கள். கிலோ கல் இருக்கிறதே என்று கால் கிலோ கல்லை எறிவது போன்றது இது. ஒவ்வொரு புரோகிராமும் தனக்குரிய ஆண்டின் ரன்டைமைத்தான் தேடும்.

செய்ய வேண்டியது இதுதான். முதலில் கணக்கு உள்ள ஃபோல்டரைப் பென்டிரைவில் காப்பி எடுங்கள். வந்த வாசகத்தை எழுத்துப் பிசகாமல் குறித்துக் கொள்ளுங்கள். விஷுவல் சி ரன்டைமை மைக்ரோசாப்டின் சொந்த இணையதளத்திலிருந்து இலவசமாக எடுக்கலாம். 2015 முதல் 2022 வரையிலானவற்றுக்கு ஒரே செட்டப் போதும். அதில் எக்ஸ்86, எக்ஸ்64 என இரண்டு உண்டு, இரண்டையும் போடுங்கள். ஏற்கெனவே இருந்தால் 'ரிப்பேர்' என்பதை அழுத்துங்கள். விண்டோஸ் 10-இல் டாட்நெட் 3.5 தேவைப்பட்டால், கன்ட்ரோல் பேனலில் 'விண்டோஸ் ஃபீச்சர்ஸ்' பகுதியில் அதற்கு டிக் செய்தால் போதும். காணாமற் போன ஒரு டிஎல்எல் ஃபைலை மட்டும் ஊர் பேர் தெரியாத தளத்திலிருந்து எடுத்துப் போடவே கூடாது. அதனோடு வைரஸும் வரக்கூடும்.

ஹார்ட் டிஸ்க் பழுதானாலோ, வைரஸ் முற்றினாலோ ஃபார்மட் தவிர வழியில்லாமற் போகலாம். அதை நாம் மறுக்கவில்லை. அப்போதும் முடிந்தவரை காப்பி எடுத்த பிறகே மற்ற வேலை.

இது வெறும் மிஷின் சங்கதி அன்று. ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36-ஆவது பிரிவின்படி, ஆண்டு ரிட்டர்ன் தாக்கலுக்குரிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் வரை கணக்குகளைப் பாதுகாத்து வைத்திருக்க வேண்டும். ஃபார்மட்டில் அழிந்து விட்டது என்று அதிகாரியிடம் சொன்னால் எடுபடுமா? வர வேண்டிய பாக்கிக்கு ஆதாரம் எங்கே போய்த் தேடுவது?

எனவே நமது சங்கங்கள் மாதக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, நம் வீட்டுப் பிள்ளைகளைக் கொண்டே இந்தப் பழுதுபார்க்கும் முறையை உறுப்பினர்களுக்குச் செய்து காட்டச் சொல்ல வேண்டும். கல்லாச் சாவியை யாரிடமும் கொடுக்காத நாம், கணக்கை மட்டும் வந்தவர் போனவர் கையில் விடலாமா? வணிகப் பெருமக்கள் சிந்திக்க வேண்டும்.