பெட்டியில் இற்றுப்போகும் துணிச் சதுரங்கள்

1930-களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் அமெரிக்கக் கிராமத்துப் பெண்கள் பலர், மாவும் தீவனமும் வந்த பூப்போட்ட பருத்தித் துணிச் சாக்குகளை வெட்டி ஒட்டுப்போர்வைக்கான சதுரங்களைத் தைத்தார்கள். போர்வையாகாமல் நின்றுபோன சதுரங்கள் இன்றும் பழம்பொருள் கடைகளில் கிடைக்கின்றன. அவற்றை வீட்டிலேயே சீர்செய்து, இணைத்துப் போர்வையாக்குவதுதான் தைத்த கைகளுக்குச் செய்யும் மரியாதை.

பழந்துணியில் கைவைத்தால் வரலாறு அழியும் என்பார்கள். பெயரும் தேதியும் தைத்த அரிய சதுரங்களுக்கு அது பொருந்தும், அவற்றைத் தொடவேண்டாம். ஆனால் பெட்டியில் பூட்டிவைத்தாலும் துணி பிழைப்பதில்லை. இரும்பு உப்பு சேர்த்துச் சாயமேற்றிய 19-ஆம் நூற்றாண்டுப் பழுப்புத் துணிகள் இருந்த இடத்திலேயே இற்றுப்போகின்றன. மடிப்புகளில் இழை முறிகிறது. பயன்பாடு மதிப்பைக் குறைக்கும் என்ற வாதமும் நிற்காது. அலபாமாவின் ஜீஸ் பெண்ட் ஊரில் கறுப்பினப் பெண்கள் நைந்த வேலை உடைகளைக் கொண்டு குளிருக்குத் தைத்த போர்வைகள்தான் 2002-இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகச் சுவரில் தொங்கின. சீர்செய்பவர்கள் முதலில் புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். சாயம் ஓடுகிறதா என்று ஈரப் பஞ்சால் ஒற்றிப் பாருங்கள். நைந்த இடத்துக்குப் பின்னால் மெல்லிய பருத்தித் துணி வைத்துத் தையுங்கள். கோணலாக இருக்கிறதென்று பழைய ஓரத்தை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.