டாக்டர் யார் வீட்டுச் சொத்து?

இயன்முறை மருத்துவர்கள் பெயருக்கு முன் 'டாக்டர்' போடக்கூடாது என்று 2025 செப்டம்பரில் ஒன்றிய சுகாதாரப் பணிகள் இயக்ககம் கடிதம் எழுதியது, உடனே பின்வாங்கியது. நோயாளி குழம்புவாராம். நியாயமான கவலைதான், பெயரோடு துறையையும் எழுதினால் தீர்ந்துவிடும். ஆனால் எம்.பி.பி.எஸ். ஒன்றும் முனைவர் பட்டமல்ல. அவர்களுக்கு 'டாக்டர்' மரியாதைக்கு வந்தது. ஆய்வு செய்து அதை வாங்கிய அம்பேத்கர் ஸ்டெதஸ்கோப் மாட்டியவரில்லை.

'மருத்துவர்' என்பதே நாவிதர் சமூகத்தின் பெயர். பிரசவம் பார்த்த அந்த வீட்டுப் பெண்தான் மருத்துவச்சி. வைத்தியம் கல்லூரிக்குள் போனதும் பெயர் மதிப்பானது, அவர்கள் வெளியே நின்றார்கள். (இதைச் சொன்னால் டாக்டர் நண்பர்களுக்குக் கோபம் வருகிறது.) இன்று முனைவர் பட்டம் பெற்ற செவிலியரையும் வார்டில் 'சிஸ்டர்' என்றே அழைக்கிறார்கள். அங்கே யாருக்குக் குழப்பம்?