கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்: சுய மாதிரி சேகரிப்பு பற்றி எங்கள் நிலைப்பாடு

மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு பகுதிகளில் பெண்கள் உடல்நலத்துக்காகப் பணியாற்றும் எங்கள் அமைப்பின் நிலைப்பாடு இது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான ஹெச்.பி.வி. என்ற வைரஸின் தொற்றை முன்கூட்டியே அறிய உதவும் பரிசோதனைக்கு, 30 வயதைக் கடந்த பெண்கள் தாங்களே மாதிரி எடுத்துக் கொடுக்கும் வசதி மாநகராட்சியின் எல்லா நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இலவசமாகக் கிடைக்க வேண்டும். தொற்று தெரியவந்தவர்களைச் சிகிச்சை முடியும்வரை கைவிடாமல் பார்க்கும் பொறுப்பையும் அரசு ஏற்க வேண்டும்.

ஏன் கேட்கிறோம்?

1954-ல் தொடங்கப்பட்ட அடையாறு புற்றுநோய் மருத்துவமனை நம் வட்டாரத்திலேயே இருக்கிறது. ஆனாலும் நோய் முற்றிய பிறகே பலர் மருத்துவரிடம் போகிறார்கள். ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி (2019–21), தமிழ்நாட்டில் 30 முதல் 49 வயதுப் பெண்களில் இந்தப் புற்றுநோய்க்கான பரிசோதனையை ஒருமுறையாவது செய்துகொண்டவர்கள் 9.8 சதவீதம்தான். 2030-க்குள் இது 70 சதவீதமாக வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் இலக்கு.

ரங்கநாதன் தெருக் கடையில் நாளெல்லாம் நின்று வேலை பார்க்கும் பெண் ஒருநாள் விடுப்பு எடுத்தால் சம்பளம் போய்விடும். வீட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கும் இதே நிலைதான். பரிசோதனை மேசையில் படுக்கக் கூச்சம், கருவியை உள்ளே செலுத்துவார்கள் என்ற பயம், ‘எனக்குத்தான் ஒண்ணுமில்லையே’ என்ற எண்ணம் எல்லாம் சேர்ந்து தடுக்கின்றன.

சுய மாதிரி முறையில் இந்தத் தடைகள் பெருமளவு குறையும். காது துடைக்கும் பஞ்சுக்குச்சியைவிட நீளமான மென்குச்சி ஒன்றைத் தருவார்கள். கழிப்பறையிலோ திரைக்குப் பின்னாலோ அதைப் பிறப்புறுப்பினுள் மெதுவாகச் செலுத்தி, சில சுற்று சுழற்றி எடுத்து, குழாயில் போட்டு மூடித் தர வேண்டும். சில நிமிட வேலை. பி.சி.ஆர். முறையில் சோதித்தால், மருத்துவர் எடுக்கும் மாதிரிக்கு நிகராக இது தொற்றைக் கண்டறிகிறது. ஆஸ்திரேலியா 2022 ஜூலையில் இந்த வாய்ப்பை அங்குள்ள பரிசோதனைத் திட்டத்தில் எல்லோருக்கும் திறந்துவிட்டது. மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத்தில் நடந்த பெரிய ஆய்வு, ஒரே ஒரு ஹெச்.பி.வி. பரிசோதனையால் இந்நோய் மரணங்கள் ஏறத்தாழ பாதியாகக் குறைந்ததை 2009-லேயே காட்டியது.

எங்கள் நிபந்தனைகள்

1. முடிவை அந்தப் பெண்ணிடம் மட்டுமே, தனிமையில் சொல்ல வேண்டும்.

2. தொற்று இருப்பதாகத் தெரிந்தால், அடுத்த பரிசோதனைக்கான இடமும் தேதியும் அன்றைக்கே முடிவாக வேண்டும். அதன் பிறகான சிகிச்சையும் இலவசமாக இருக்க வேண்டும்.

3. அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத் தன்னார்வலர்களுக்குப் பயிற்சி தந்து, வீடு தேடிச் சென்று விளக்கச் செய்ய வேண்டும்.

4. மருத்துவரே மாதிரி எடுக்க வேண்டும் என்று விரும்புகிறவருக்கு அந்த வாய்ப்பு தொடர வேண்டும்.

தொடர்சிகிச்சைக்கு வழியில்லாமல் குச்சியை மட்டும் விநியோகிக்கும் திட்டத்தை நாங்கள் ஆதரிக்க மாட்டோம்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை: ஹெச்.பி.வி. இருப்பதாக முடிவு வந்தால் அது புற்றுநோய் என்று அர்த்தமில்லை. பெரும்பாலான தொற்றுகள் தாமாகவே மறைந்துவிடும். ஆனால் உடலுறவுக்குப் பின்போ மாதவிடாய் நின்ற பிறகோ ரத்தம் பட்டால், சுய மாதிரிக்குக் காத்திராமல் உடனே மருத்துவரைப் பாருங்கள். முன்கூட்டியே கண்டுபிடித்தால் இந்த நோயை முற்றிலும் குணப்படுத்த முடியும்.