தாத்தாவுக்கு வயதாகிவிட்டதுதான் காரணமா?

காய்ச்சலுக்காக நாலைந்து நாள் ஆன்டிபயாடிக் ஊசி போட்டுக்கொண்ட தாத்தா, திடீரென்று பேரனின் பெயரை மாற்றிச் சொல்கிறார். நள்ளிரவில் எழுந்து, என்றோ இறந்துபோன தம்பியைக் கூப்பிடுகிறார். கை வெட்டி வெட்டி இழுக்கிறது. "வயசாச்சு, புத்தி தடுமாறுது" என்று வீட்டார் சொல்லி முடித்துவிடுகிறார்கள்.

மாணவ நண்பர்களே, இந்தப் பதிலை நீங்கள் ஒப்புக்கொள்ளக் கூடாது என்பது என் கருத்து. மூப்பு நாலு நாளில் வருவதில்லை. போன வாரம் வரை பால் கணக்கைச் சரியாகப் போட்டவர் இன்று குழம்பினால், இடையில் புதிதாக என்ன நேர்ந்தது என்றுதான் பார்க்கவேண்டும்.

கிருமியைக் கொல்லும் மருந்துக்கு மூளையில் என்ன வேலை? மூளையில் நரம்புச் செல்களைத் தூண்டும் பொருள்களும் உண்டு, அடக்கும் பொருள்களும் உண்டு. அடக்குவதில் முக்கியமானது 'காபா'. பென்சிலினும் அதன் உறவான செஃபலோஸ்போரின்களும் உடலில் அளவுக்கு மீறிச் சேர்ந்தால் காபாவைத் தடுக்கின்றன. பிரேக் இல்லாத சைக்கிள் சரிவில் இறங்கிய கதைதான்! பென்சிலினை நேரே மூளைக்குள் செலுத்தியபோது வலிப்பு வந்ததை மருத்துவர்கள் 1945-லேயே எழுதிவைத்தார்கள். செஃபெபைம் என்ற மருந்தைப் பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2012-இல் எச்சரித்தது. உடல் துடிக்காமல் மூளைக்குள் மட்டும் நடக்கும் வலிப்பு அது. பார்ப்பவருக்கு வெறும் குழப்பமாகவே தெரியும்.

மருந்து ஏன் மிதமிஞ்சிச் சேர்கிறது? அதை வெளியேற்றும் சிறுநீரகம் தளர்ந்திருப்பதால். ரத்தப் பரிசோதனையில் தெரியாதா என்பீர்கள். அங்கேதான் ஏமாற்று! கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. முதியவருக்குத் தசை குறைவு. ஆகவே சிறுநீரகம் தளர்ந்தாலும் எண் 1 என்றே நல்லபிள்ளையாக நிற்கும்.

1976-இல் காக்கிராஃப்ட், கால்ட் இருவரும் ஒரு சூத்திரம் தந்தார்கள். 140-இலிருந்து வயதைக் கழியுங்கள். கிலோ எடையால் பெருக்குங்கள். கிரியாட்டினினை 72-ஆல் பெருக்கி, வந்ததைக் கொண்டு வகுங்கள். (பெண்களுக்கு விடையை 0.85-ஆல் பெருக்கவேண்டும்.) கிரியாட்டினின் 1, எடை 60 கிலோ, வயது 25 என்றால் விடை சுமார் 96. அதே கிரியாட்டினின், எடை 50, வயது 80 என்றால்? சுமார் 42! நிமிடத்துக்கு இத்தனை மில்லிலிட்டர் என்று பொருள்.

இந்த எண் ஒவ்வொரு முதியவரின் மருந்துச் சீட்டிலும் இருக்கவேண்டும் என்கிறேன். அதற்காக நீங்களாகவே மருந்தை நிறுத்திவிடாதீர்கள். நோய்த்தொற்றே முதியவர்களைக் குழப்பக்கூடும். எது காரணம் என்று மருத்துவர்தான் பிரித்தறிய வேண்டும். மருந்துதான் என்றால், அதை மாற்றியதும் பெரும்பாலோர் சில நாட்களில் தெளிந்துவிடுகிறார்கள்.

தாத்தாவின் பழைய பரிசோதனைச் சீட்டு அலமாரியில் இருக்குமே? கணக்கைப் போடுங்கள். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அந்தத் தாளையும் எடுத்துச் செல்லுங்கள்.