பபிள் டீ: முத்து பிடிக்கும் பக்குவம்

பால் கலந்த குளிர்ந்த தேநீர், அதன் அடியில் கருநிறத்தில் கிடக்கும் மரவள்ளி முத்துகள், அவற்றை உறிஞ்சி எடுக்கும் அளவுக்கு அகலமான ஓர் உறிஞ்சுகுழல். பபிள் டீ இவ்வளவுதான். பிறந்த இடம் தைவான், காலம் 1980-கள். தைச்சுங் நகரின் சுன் ஷுய் தாங் தேநீரகமும் தைனான் நகரின் ஹான்லின் தேநீரகமும் தாங்களே இதை முதலில் செய்ததாகச் சொல்லிப் பத்து ஆண்டுகள் வழக்காடின. இது காப்புரிமை பெற்ற பொருள் அல்ல, யாரும் செய்யலாம், ஆகவே முதலில் செய்தவர் யார் என்று தீர்மானிக்கத் தேவையில்லை என்று 2019-இல் நீதிமன்றம் வழக்கை முடித்தது. தேநீரும் முத்தும் தைவானுக்குப் பழையவை. சர்க்கரைப் பாகில் ஊறிய முத்துகளைச் சீவிய பனிக்கட்டியோடு உண்பது அங்கே முன்பே இருந்த வழக்கம். அந்த முத்துகளைக் குளிர்ந்த தேநீரில் போட்டதுதான் புதுமை.

வீட்டில் செய்யும்போது தேநீரில் தவறு நேர்வது குறைவு. சோதனையெல்லாம் முத்தில்தான். அது கரைந்து கூழாகும், அல்லது நடுவில் வேகாத மாவு நிற்கும், அல்லது ஒரே மணி நேரத்தில் ரப்பராகும். மூன்றுக்கும் காரணம் மரவள்ளி மாவுச்சத்தின் குணம். அதைப் புரிந்துகொண்டால் செய்முறையை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

மரவள்ளி தென் அமெரிக்கச் செடி. கிழங்கை அரைத்து, நீரில் கரைத்து வடிகட்டி, அடியில் படிவதை உலர்த்தினால் கிடைப்பது மாவுச்சத்து, அதாவது ஸ்டார்ச். முத்துக்கு வேண்டியது இதுதான். கிழங்கை நறுக்கிக் காயவைத்து அப்படியே அரைத்த மரவள்ளி மாவும் கடைகளில் கிடைக்கிறது. அதில் நார் இருப்பதால் முத்து உதிரும். வாங்கும்போது பொட்டலத்தில் ஸ்டார்ச் என்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விரலிடையில் தேய்த்தால் நறநறவென்று ஒலிக்கும் தூய வெள்ளைப் பொடி அது. சோள மாவு இதற்கு மாற்றாகாது. அதில் அமைலோஸ் என்னும் கூறு அதிகம் என்பதால் வெந்து ஆறியதும் இறுகி ஒடியும். மரவள்ளி ஸ்டார்ச்சில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் அமைலோபெக்டின் என்னும் மற்றொரு கூறு இருக்கிறது. பல்லில் அழுந்தி மீண்டு வரும் இழுவை அதனால் வருகிறது.

ஸ்டார்ச்சைப் பச்சைத் தண்ணீரில் பிசைந்தால் மாவு திரளாது. அழுத்தினால் கல்லாக இறுகும், கையை எடுத்தால் வழிந்தோடும். மாவுத் துகள்கள் சுமார் 60 முதல் 70 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில்தான் நீரை உறிஞ்சி வீங்கிப் பசையாகின்றன. அந்தப் பசையே மிச்ச மாவைப் பிடித்து வைக்கும். அதனால் ஒரு பங்கு மாவைப் பாகிலேயே வேகவைத்துப் பசையாக்கி, எஞ்சியதை அதில் பிசைவதுதான் முறை.

100 கிராம் ஸ்டார்ச்சுக்கு 55 கிராம் நாட்டுச் சர்க்கரை, 60 மில்லி தண்ணீர். வெல்லம் என்றால் கரைத்து வடிகட்டிவிட வேண்டும், மண் இருந்தால் ஒவ்வொரு முத்திலும் பல்லில் படும். கருப்பட்டிக்குத் தனி மணமும் நல்ல கருநிறமும் உண்டு. தைவானின் கரும்புச் சர்க்கரைச் சுவை அதில் வராது, ஆனால் கெட்டியான பால் தேநீருக்கு அது மிகப் பொருத்தம். சர்க்கரையும் நீரும் தளதளவெனக் கொதிக்க வேண்டும். தீயைக் குறைத்து, மாவில் மூன்றில் ஒரு பங்கைக் கொட்டி விடாமல் கிளறினால் சில நொடிகளில் பளபளப்பான பசையாகும். உடனே இறக்கி மிச்ச மாவைச் சேர்த்து, கை பொறுக்கும் சூடு வந்ததும் பிசைய வேண்டும். ஆறவிட்டால் திரளாது. சப்பாத்தி மாவைவிடச் சற்று இறுகலாக, கையில் ஒட்டாமல் வருவது சரியான பதம். உதிர்ந்தால் சில சொட்டு வெந்நீர், ஒட்டினால் சிறிது ஸ்டார்ச்.

மாவைக் கயிறாக உருட்டி, துண்டுகளாக வெட்டி, 8 மில்லிமீட்டர் அளவில் உருண்டைகளாக்க வேண்டும். வெந்ததும் இவை பெருக்கும், ஆகவே இதைவிடப் பெரிதாக்கினால் குழலில் அடைத்துக்கொள்ளும். உருட்டிய வேகத்தில் ஸ்டார்ச்சில் புரட்டி வைக்க வேண்டும்; மாவு காயாதபடி மூடிவைப்பதும் முக்கியம். பொறுமையைச் சோதிக்கும் வேலை இது. வீட்டில் நான்கு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் விரைவில் முடியும்.

வேகவைக்கப் பெரிய பாத்திரம் வேண்டும். முத்தின் அளவைப்போல எட்டு மடங்கு தண்ணீர் முழுக் கொதியில் இருக்கும்போது போட்டு, அடியில் ஒட்டாமல் மெல்லக் கிளறினால் சிறிது நேரத்தில் மேலே மிதக்கும். மிதப்பதை வெந்ததற்கு அடையாளமாகக் கொள்ளக் கூடாது. மிதமான தீயில் 15 நிமிடம் வேகவிட்டு, அடுப்பை அணைத்து, மூடி போட்டு மேலும் 15 நிமிடம் வைக்க வேண்டும். நடுவில் உள்ள வெள்ளைப் புள்ளி மறைவது இந்த இரண்டாம் கட்டத்தில்தான். ஒன்றைக் கடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். கடையில் வாங்கிய உலர் முத்துக்கு நேரம் கூடும்: 25 முதல் 30 நிமிடம் கொதி, அதே அளவு மூடிய நிலை. உடனடி வகை ஐந்தே நிமிடத்தில் வேகும்.

தமிழ்ச் சமையலறையில் ஒரு பழக்கத்தை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும். பாயசத்துக்கு ஜவ்வரிசியை ஊறவைப்பதுபோல பபிள் டீ முத்தை ஊறவைக்கக் கூடாது. சேலம் மாவட்டத்தின் சேகோ ஆலைகளில் ஜவ்வரிசிக்கு மரவள்ளி ஸ்டார்ச்சைக் குருணையாக்கி, சூட்டில் வறுத்து உலர்த்துகிறார்கள். அதனால் மேற்பரப்பு ஓரளவு வெந்து, நீரில் கரையாமல் நிற்கிறது. பபிள் டீ முத்தில் இருப்பது பெரும்பாலும் வேகாத மாவு; பச்சைத் தண்ணீரில் போட்டால் நொடியில் கரையும். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற சேலம் ஜவ்வரிசியையே வேகவைத்துத் தேநீரில் போடலாம். தாய்ப்பொருள் ஒன்றுதான். ஆனால் அது வழுவழுப்பாக இறங்குமே தவிர மெல்லும் சுகம் கிடைக்காது.

வெந்த முத்தைத் தண்ணீரில் அலசினால் மேல்பசை நீங்கி ஒன்றோடொன்று ஒட்டாது. பிறகு நாட்டுச் சர்க்கரைப் பாகில் அரை மணி நேரம் ஊற வேண்டும். பாகு இனிப்பு ஏற்றுவதோடு முத்து இறுகுவதையும் தாமதப்படுத்தும். எனினும் நான்கு மணி நேரத்துக்குள் தீர்த்துவிடுவதே நல்லது. குளிர்ப்பெட்டிக் குளிரில் மாவின் மூலக்கூறுகள் மீண்டும் வரிசையாகச் சேர்ந்து நீரை வெளியேற்றுவதால் முத்து வெளுத்து விறைக்கும். உருட்டிய, வேகாத முத்தை ஸ்டார்ச் தூவி ஃப்ரீசரில் வைக்கலாம். உறைந்த நிலையிலேயே கொதிநீரில் போட வேண்டும்.

தேநீர் வழக்கத்தைவிடக் கடுமையாக இருக்க வேண்டும், பாலும் பனிக்கட்டியும் சேர்ந்து அதை நீர்க்கச் செய்துவிடும். 250 மில்லி நீருக்கு 6 முதல் 8 கிராம் அஸ்ஸாம் இலை, ஐந்து நிமிடம். தைவானில் சூரிய-நிலவு ஏரிப் பகுதியில் விளையும் கறுப்புத் தேநீரும் ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் கொண்டுபோன அஸ்ஸாம் வகையின் வழிவந்ததே. வடிகட்டி ஆறவைத்து, 60 மில்லி பால் சேர்த்து, பனிக்கட்டியோடு மூடிய புட்டியில் பலமாகக் குலுக்கினால் நுரை பொங்கும். கடைகளில் பலர் சேர்க்கும் கிரீமர் பொடி வழவழப்பைத் தந்தாலும் தேயிலை மணத்தை மறைக்கிறது. நல்ல பாலே சிறந்தது. குவளையில் முதலில் மூன்று கரண்டி முத்து, சுவரில் வரிவரியாக வழியும்படி பாகு, பிறகு தேநீர். முத்திலும் பாகிலும் சர்க்கரை இருப்பதால் தேநீரில் தனியாக இனிப்பு வேண்டாம். குழலின் விட்டம் 10 முதல் 12 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். குழல் இல்லாத வீட்டில் நீளக் கரண்டி போதும்.

சிறு குழந்தைகளுக்கு இந்த முத்தைத் தரக் கூடாது. குழல் வழியே வேகமாக வரும் முத்து மூச்சுக்குழாயில் போய்விடக்கூடும் என்று ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் 2012-இல் எச்சரித்தது. நான்கு வயது வரையுள்ள குழந்தைகளை அது குறிப்பாகச் சுட்டியது. அவர்களுக்கு முத்து இல்லாத பால் மட்டும் கொடுங்கள். சற்றுப் பெரிய பிள்ளைகளுக்குக் குழலை ஒதுக்கிவிட்டு, கரண்டியால் எடுத்து மென்று விழுங்கப் பழக்குங்கள்.