இல்லறப் பாதை: மலையிலிருந்து கடல் வரை, இருவராக



நம் பங்குகளில் கணவனும் மனைவியும் சேர்ந்து வெளியூர் செல்லும் நாட்களைச் சற்றே எண்ணிப் பாருங்கள். உறவினர் வீட்டுத் திருமணம், ஒரு துக்கம், மருத்துவமனை, நேர்ச்சை நிறைவேற்ற வேளாங்கண்ணி. இவற்றில் ஒன்றிலேனும் அவ்விருவரும் தனித்து இருப்பதுண்டா? பிள்ளைகள், பெரியவர்கள், மூட்டை முடிச்சுகள் யாவும் உடன் வரும். மணவாழ்வின் வெள்ளிவிழாத் திருப்பலி ஒப்புக்கொடுத்த தம்பதியரை அழைத்து, "நீங்கள் இருவர் மட்டும் சென்ற பயணம் எது?" என்று கேட்டால், ஒருவர் முகத்தை மற்றவர் பார்த்துச் சிரிப்பரேயன்றி விடை சொல்லார்.

"பிள்ளைகளைக் கரையேற்றிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்பதே நாம் கேட்கும் வழக்கமான மறுமொழி. ஆனால் அந்தப் பிறகு எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. 2024 ஜூன் மாதத்தில் நம் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. ஒரே இரவில் தாலியிழந்த பெண்கள் எத்தனை பேர்! தாயையும் தந்தையையும் சேர்த்து இழந்த பிள்ளைகளும் உண்டு. அவ்வீடுகளிலும் நாளைக்கென்று ஒத்திவைத்த ஆசைகள் இருந்திருக்கும். இருவராக இருப்பது உரிமையன்று, அது ஒரு கொடை. அக்கொடையை அனுபவிக்கவும் நேரம் ஒதுக்க வேண்டும் என்பதே இம்மாதம் நாம் சொல்ல வந்தது.

சென்ற தை மாதத்தில் துணைவியாரும் நாமும் நான்கு நாட்கள் சாலை வழியே சுற்றி வந்தோம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, வயலெல்லாம் பச்சையாக, வெயில் இதமாக இருக்கும் காலம் அது. தொலைதூரம் போகவில்லை. நம் மலையில் பிறக்கும் நீர் எவ்வழியே கடலுக்குச் செல்கிறதோ, அவ்வழியையே பெரும்பாலும் பின்பற்றினோம்.

முதல் நாள் கல்வராயன் மலை. கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் சென்று, அடிவாரத்தில் கோமுகி அணையைக் கண்டு, வளைந்தேறும் பாதையில் வெள்ளிமலையை அடையலாம். கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த இம்மலை 2,000 அடிக்கு மேல் உயர்ந்து நிற்கிறது. தை மாதக் காலையில் பனிமூட்டம் பாதையை மறைக்கும். ஆகவே வெயில் ஏறிய பின் புறப்படுவதே நலம். வழியில் பெரியார் அருவி விழுகிறது. இங்கு வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள், தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர் என்று வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். சாமை, தேன், கடுக்காய், புளி ஆகியவை அவர்களுடைய உழைப்பின் பயன். வாங்குகிறவர்கள் பேரம் பேசாமல் வாங்குங்கள். சந்தையில் நாம் கொடுக்கும் விலையில் எவ்வளவு அவர்கள் கைக்குப் போய்ச் சேர்கிறது என்று துணைவியார் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான்.

மலையில் தோன்றும் கோமுகி ஆறு மணிமுத்தாற்றோடு கலக்கிறது. மணிமுத்தாறு வெள்ளாற்றில் சேர்கிறது. வெள்ளாறு பரங்கிப்பேட்டை அருகே கடலை அடைகிறது. இரண்டாம் நாள் இந்நீரின் போக்கில் கிழக்கு நோக்கித் திரும்பினோம். தியாகதுருகம், உளுந்தூர்பேட்டை வழியாக விருத்தாசலம் செல்லும் சாலையை ஒட்டி உள்ளது கோணாங்குப்பம். வீரமாமுனிவர் எழுப்பிய பெரியநாயகி மாதா திருத்தலம் இது. ஜனவரியில் திருவிழா நடைபெறுவதால், குளிர்காலப் பயணத்துக்கு இவ்வூர் மிகப் பொருத்தமானது.

இத்தாலியில் 1680-ல் பிறந்த கொன்ஸ்டன்சோ பெஸ்கி, தமிழகம் வந்து வீரமாமுனிவரானார். சதுரகராதி என்னும் அகரமுதலியைத் தந்தார். எகர ஏகார, ஒகர ஓகார எழுத்துகளின் வேறுபாட்டை வரிவடிவில் தெளிவாக்கினார். 1747-ல் மறைந்தார். அவருடைய தேம்பாவணி 3,615 பாடல்கள் கொண்ட காப்பியம். அதன் தலைவர் அரசரல்லர், போர்வீரரல்லர். வளன் என்று தமிழ்ப்பெயர் பெற்ற சூசையப்பர். ஒரு தச்சர், ஒரு கணவர். சூசையும் மரியாளும் தம் மணவாழ்வின் தொடக்கத்திலேயே வழிநடந்தவர்கள் அல்லரோ? பெத்லகேமுக்கு ஒருமுறை, எகிப்துக்கு ஒருமுறை. அவர்கள் சென்றது உல்லாசத்துக்காக அன்று. எனினும் திருக்குடும்பம் சாலையில்தான் உருவாயிற்று என்று சொன்னால் பிழையாகாது.

பிற்பகலில் மணிமுத்தாற்றங்கரையில், முதுகுன்றம் என்ற பழம்பெயருடைய விருத்தாசலத்தின் கோபுரங்களைக் கண்டோம். சேத்தியாத்தோப்பில் வெள்ளாற்றைக் கடந்து, சிதம்பரத்தில் இரவு தங்கினோம்.

மூன்றாம் நாள் காலை பிச்சாவரம். துடுப்புப் படகில் அலையாத்திக் காட்டின் கால்வாய்களுக்குள் புகுந்தால், வேர்கள் இருபுறமும் நீரில் ஊன்றி நிற்கும். சுரபுன்னையும் வெண்கண்டலும் தில்லையும் அங்கே வளர்கின்றன. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயர் வந்தது இம்மரத்தால்தான். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது, இக்காடு அலையின் வேகத்தைத் தணித்துத் தன் பின்னால் இருந்த ஊர்களுக்கு அரணாயிற்று. வேரோடு வேர் பின்னி நிற்பதே அதன் வலிமை.

படகில் சிறிது நேரம் இருவரும் ஒன்றும் பேசவில்லை. பிறகு துணைவியார், "பிள்ளைகளைப் பற்றியும் வீட்டுக் கணக்கைப் பற்றியும் அல்லாமல் நாம் இருவரும் பேசி எத்தனை வருஷம் ஆச்சுங்க?" என்றார். நம்மிடம் விடை இல்லை. அன்று மாலை வரை, அவர் சிறுமியாக இருந்த காலத்துக் கதைகளைக் கேட்டுக்கொண்டே வந்தோம். அவற்றுட் பல நமக்குப் புதியவை!

அடுத்த ஊர் பரங்கிப்பேட்டை. நம் மலைநீர் கடல் சேரும் இடத்தைக் கண்டோம். 1781 ஜூலை 1 அன்று ஐதர் அலியின் படையும் ஆங்கிலத் தளபதி அயர் கூட்டின் படையும் இவ்வூரருகே மோதின. 1830-களில் சேலத்து இரும்புக் கனிமத்தைக் கொண்டு இங்கே இரும்பு உருக்கினார்கள். இன்று ஆரவாரமில்லாத துறைமுக ஊர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரியல் ஆய்வு மையம் இங்குதான் உள்ளது.

அங்கிருந்து கடலூர். 1690-ல் ஆங்கிலேயர் மராத்தியரிடமிருந்து இங்கே ஒரு கோட்டையை விலைக்கு வாங்கினர். கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் விழுமோ, அவ்வளவு நிலமும் அவர்களுக்கு என்பது ஒப்பந்தம். அவ்வாறு கைமாறிய ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்று பெயர். தேவனாம்பட்டினத்துப் புனித தாவீது கோட்டை அது. 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி அதைப் பிடித்து இடித்தார். மூன்றே ஆண்டுகளில், 1761-ல், ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்து அந்நகரைத் தரைமட்டமாக்கினர். இடித்தவருக்கும் இடிபட்டவருக்கும் மிஞ்சியது என்ன? இல்லறத்திலும் இந்தக் கணக்கு உண்டு. அவர் ஒரு சொல் சொன்னார், நான் இரண்டு சொன்னேன் என்று தொடங்கும் போரில், இடிவது எப்போதும் ஒரே வீடுதான்.

அன்றிரவு புதுச்சேரி. இடிந்த நகரம் மீண்டும் எழுந்தது. மக்கள் சம்பா கோவில் என்றழைக்கும் அமலோற்பவ மாதா பேராலயத்தின் இன்றைய கட்டடம் 1791-ல் முடிந்தது. நான்காம் நாள் விடியலில் அங்கே திருப்பலி கண்டு, கடற்கரையில் நடந்துவிட்டு, மேற்கே திரும்பினோம்.

திரும்பும் வழியில் செஞ்சி. இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் மதிலால் இணைத்த கோட்டை இது. 1677-ல் சிவாஜி இதைக் கைப்பற்றினார். பின்னர் முகலாயர் ஏழாண்டுகளுக்கு மேல் முற்றுகையிட்டு 1698-ல் பிடித்தனர். 2025 ஜூலையில், மராத்தியரின் பன்னிரண்டு கோட்டைகளுள் ஒன்றாக யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. இராஜகிரி ஏறத்தாழ 800 அடி உயரம். முழங்கால் இசையாதவர்கள் கீழேயுள்ள கல்யாண மகாலையும் களஞ்சியங்களையும் கண்டு நிறைவடையலாம். துணைவியாரால் பாதிப் படிக்கு மேல் ஏற இயலவில்லை. நாமும் அங்கேயே அமர்ந்துகொண்டோம். உச்சியை விட அந்தப் படிக்கட்டு நிழலே நமக்கு நினைவில் நிற்கிறது.

புறப்பட விரும்புவோர்க்குச் சில சொற்கள். சொந்த வண்டி வேண்டுமென்பதில்லை. இவ்வூர்களுக்கெல்லாம் பேருந்து உண்டு. கரும்பு அரைவைக் காலமாதலால், கள்ளக்குறிச்சிச் சாலைகளில் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் மெதுவாகச் செல்லும். இருட்டியபின் வண்டி ஓட்டாதீர்கள். மலைக்கு ஒரு கம்பளி எடுத்துச் செல்லுங்கள். கைப்பேசியைப் பைக்குள் வையுங்கள். நான்கு நாள் இயலாதெனில் ஒரு நாள் போதும். கோமுகி அணைக்கரையில் கட்டுச்சோறு உண்டு வந்தாலும் பயணமே. மாட்டுக்குத் தீவனம் போடுவதையும் முதியோரைக் கவனிப்பதையும் அண்டைவீட்டார் இரண்டு நாளைக்கு ஏற்றுக்கொண்டால், அடுத்த முறை அவர்களுக்காக நாம் ஏற்றுக்கொள்ளலாம். பங்குக் குடும்பங்கள் ஒன்றுக்கொன்று செய்யக்கூடிய எளிய அன்புப்பணி இது.

ஆண்டுதோறும் கிறிஸ்து பிறப்புக்குப் பின் திருக்குடும்பத் திருநாளைக் கொண்டாடுகிறோம். இவ்வாண்டு அன்று மாலை, கணவர்களே, புதிய நாட்காட்டியை மனைவியரின் கையில் கொடுங்கள். தை மாதத்தில் அவர்கள் விரும்பும் நாளைச் சுற்றி ஒரு வட்டம் போடச் சொல்லுங்கள். போட்ட வட்டத்தை எக்காரணத்துக்காகவும் அழிக்காதீர்கள்.