தீர்ந்து போகும் நிறங்கள்



ஒட்டகம் என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வரும்? மணல், வெயில், முதுகில் திமில்... ஆனால், அதே ஒட்டகக் குடும்பத்தில் திமிலே இல்லாமல், குளிர்ந்த மலை மேல் வாழும் பிராணி ஒன்று இருக்கிறது. அதன் பெயர் அல்பாக்கா!

தென் அமெரிக்காவில் உள்ள ஆண்டீஸ் மலைத்தொடர்தான் இதன் வீடு. பெரு, பொலிவியா, சிலி நாடுகளில், கடல் மட்டத்திலிருந்து 3,500 முதல் 5,000 மீட்டர் வரை உயரமான புல்வெளிகளில் இவை மேய்கின்றன. உலகில் உள்ள அல்பாக்காக்களில் பாதிக்கும் மேல் பெருவில்தான் இருக்கின்றன. அவ்வளவு உயரத்தில் ஆக்சிஜன் குறைவு. புதிதாகப் போகும் மனிதர்களுக்கு மூச்சு வாங்கும். அல்பாக்காவின் ரத்தமோ குறைந்த ஆக்சிஜனையும் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். இரவில் உறைய வைக்கும் குளிரை, அடர்த்தியான ரோமம் தாங்கிக்கொள்ளும். இதற்குக் கோபம் வந்தால் எச்சில் துப்பும், ஜாக்கிரதை!

விகுனா என்ற காட்டுப் பிராணியைப் பழக்கி, சுமார் 6,000 ஆண்டுகளுக்கு முன்பே அல்பாக்காவை உருவாக்கினர் ஆண்டீஸ் மக்கள். ஆண்டுக்கு ஒரு முறை ரோமத்தைக் கத்தரித்து நூல் நூற்பார்கள். வெள்ளை, கறுப்பு, சாம்பல், பழுப்பு என இருபதுக்கும் மேற்பட்ட நிறங்கள் இயற்கையாகவே கிடைக்கும். சாயம் இல்லாமலே வண்ணத் துணி நெய்யலாம்!

1532ல் ஸ்பெயின் படை பெருவில் நுழைந்தது. நல்ல மேய்ச்சல் நிலங்களை ஆடு, மாடுகள் பிடித்துக்கொண்டன. ஏராளமான அல்பாக்காக்கள் அழிந்தன. எஞ்சியவற்றை மலை உச்சிக்கு ஓட்டிச் சென்று காப்பாற்றியவர்கள் ஏழை மேய்ப்பர்கள்தான்.

இன்று வேறு விதமான ஆபத்து. வெள்ளை ரோமத்துக்கு எந்தச் சாயமும் ஏற்றலாம் என்பதால், ஆலைகள் அதையே விரும்பி வாங்குகின்றன. மற்ற நிறங்களுக்கு விலை குறைவு. பாவம், மேய்ப்பர்களும் குடும்பம் நடத்த வேண்டுமே! அவர்களும் வெள்ளையையே வளர்க்கத் தொடங்கினர். இப்போது பெருவில் உள்ள அல்பாக்காக்களில் பெரும்பாலானவை வெள்ளைதான். கறுப்பும் சாம்பலும் அபூர்வமாகி வருகின்றன.

நல்ல செய்தியும் உண்டு. பெருவின் பூனோ பகுதியில் உள்ள அரசு ஆராய்ச்சிப் பண்ணையில், நிற அல்பாக்காக்களைத் தனியாக வளர்த்துப் பாதுகாக்கின்றனர்.

இதில் யாரும் கெட்ட எண்ணத்தோடு எதையும் அழிக்கவில்லை. எல்லோரும் ஒன்றையே கேட்டார்கள். மற்றவை மெல்லக் குறைந்துவிட்டன. அவ்வளவுதான்! எனவே, 'எல்லோரும் வாங்குகிறார்களே' என்று நாமும் ஒன்றின் பின்னால் ஓடும் முன், ஒரு நிமிடம் யோசிப்போம்.

உங்கள் கலர் பென்சில் பெட்டியில் கறுப்பு தீர்ந்துவிட்டால், கடையில் வாங்கிக்கொள்ளலாம். அல்பாக்காவின் கறுப்பு தீர்ந்துவிட்டால், எந்தக் கடையில் வாங்குவது, சொல்லுங்கள்?

அன்புடன்,
ஆசிரியர்